என் மண்ணும் இலைத்தியாவின் சோபாவும்

என் சேம்புச் செடிகள் வேலியைத் தாண்டிக் கீழ்வீட்டுக்குக் குடிபோய்விட்டன. யாரும் பிடுங்கவில்லை. மழையில் மண் வழுக்கியது, செடிகள் நின்ற வாக்கிலேயே மண்ணோடு இறங்கி இலைத்தியாவின் முற்றத்தில் போய் நின்றுகொண்டன. ஓர் இலைகூட வாடவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

எங்கள் தீவின் தலைநகரான சூவாவில் மேட்டில் வீடு கட்டியவர்களுக்கு இது தெரிந்த கதை. மேலே ஒரு முழம் மண், அடியில் சோப்புக்கல். நனைந்துவிட்டால் அதன்மேல் எதுவும் நிற்காது. போதாக்குறைக்கு இலைத்தியா, யங்கோனா வேர்ச்சாறு குடிக்கக் கொட்டகை போடுகிறேன் என்று சரிவின் அடிப்பக்கத்தை வெட்டிச் சமப்படுத்தியிருந்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் என் முற்றம் கொஞ்சம் கொஞ்சமாக அவனிடம் இறங்கியது. இப்போது சரிவின் விளிம்பு என் சமையலறை மூலைத்தூணுக்கு ஓர் எட்டு தூரத்தில் இருந்தது.

இறங்கிப் போய்க் கேட்டேன்.

“தௌவு, என் மண்ணத் திருப்பிக் குடு.”

கொட்டகையில் அவன் தன் பழைய பச்சைச் சோபாவில் சாய்ந்திருந்தான். “நான் எடுத்தனா? அதுவா நடந்து வந்துச்சு. உன் வீட்டு மரவள்ளி சரியா வேகல போல.”

“அப்ப என் சேம்பு?”

அவன் மனைவி உனைசி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். “இலையத் தேங்காப்பால்ல போட்டேங்க்கா. நல்லா இருந்துச்சு.”

என் ஊருக்கும் அவன் ஊருக்கும் மூதாதை ஒன்றுதான். அப்படிப்பட்ட இரண்டு ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் தௌவு. தௌவு உன் கோழியைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போகலாம். உன் முகத்தைப் பார்த்துக் கிழட்டு ஆமை என்று சொல்லலாம். நீ கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் ஊருக்கே அவமானம். சிரிக்க வேண்டும், முடிந்தால் அதைவிடப் பெரிதாகத் திருப்பிச் செய்ய வேண்டும். உனைசி மட்டும் வேறு ஊர்க்காரி. அவளுக்கு இந்த விளையாட்டில் பங்கில்லை.

ஆகவே சிரித்தேன். வீட்டுக்கு ஏறி வந்து கண்ணாடியில் பார்த்தபோதும் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. பல்வலிக்காரி ஒருத்தி புகைப்படத்துக்கு நிற்பதுபோல் இருந்தேன். மண் போனதற்காகத்தான் எனக்குக் கோபமா, அல்லது கோபப்படக் கூடாது என்பதற்காகவா? வெகுநேரம் யோசித்தும் பிடிபடவில்லை. வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்டது.

“சுவர் கட்டித் தரச் சொல்லிக் கேளேன்” என்றார் என் கணவர் ஓசேயா.

“தௌவுகிட்டப் போய்க் கெஞ்சவா? ஊர்ல தெரிஞ்சா சிரிப்பாங்க.”

“சரி, கெஞ்சாத. ஆனா அடுப்பு அவன் வீட்டுக்குப் போயிடுச்சுன்னா நான் அங்கதான் சாப்பிடப் போவேன். சொல்லிட்டேன்.”

மறுநாள் காலை இலைத்தியா பேருந்து ஓட்டக் கிளம்பியதும் கீழே போனேன். கொட்டகைக்குப் பின்னால் அவன் சேர்த்து வைத்திருந்த பழைய டயர்களை ஒவ்வொன்றாக உருட்டி மேலே ஏற்றினேன். சரிவின் குறுக்கே படி படியாகப் பதித்து உள்ளே மண்ணைத் திணித்தேன். பிறகு அவனுடைய தகரங்கள். பிறகு அவனுடைய ஓட்டை மீன் தொட்டி. உனைசி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தடுப்பாள் என்றுதான் நினைத்தேன்.

“அக்கா, இதை விட்டுட்டீங்களே” என்று சோபாவைக் காட்டினாள். “கல்யாணத்துக்கு முன்னால வாங்கினது. உள்ள எலி குடித்தனம் நடத்துது.”

நாங்கள் இருவரும் ஓசேயாவும் சேர்ந்து தள்ளினோம். பாதி வழியில் எலி இறங்கிப் போய்விட்டது. சோபாவைச் சரிவின் நடுவில் பாதி புதைத்து, முதுகுப்பக்கம் மண்ணை அணைத்தோம்.

சாயங்காலம் இலைத்தியா வந்து நின்றான்.

“தௌவு, என் சோபா எங்க?”

“அதுவா நடந்து வந்துச்சு. உன் வீட்டுல அதுமேல உக்கார்ற ஆளு சரியில்ல போல.”

மலை அதிரச் சிரித்தான். உற்றுப் பார்த்தேன். அதே பல்வலிச் சிரிப்பு. அன்று முழுவதும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

அடுத்த பெருமழை ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன், என்னவோ நான் பிடித்தால்தான் அது நிற்கும் என்பதுபோல. கீழேயிருந்து சர்ச்சுக்குப் போட்ட சட்டையும் மண்வெட்டியுமாக இலைத்தியா ஓடி வந்தான்.

“கிழட்டு ஆமை! உன் கூரைத் தண்ணி மொத்தமும் என் சோபா தலைல ஊத்துது! வாய்க்கா வெட்டமாட்டியா?”

“உன் சோபாவுக்கு நான் எதுக்கு வெட்டணும்?”

“என் டயர் பாரு, ஆடுது! என் தகரம்!” என்று கத்திக்கொண்டே சரிவின் மேற்பக்கம் குறுக்காக ஒரு வாய்க்கால் இழுத்தான். மெல்லச் சாய்வு கொடுத்துத் தண்ணீரைத் தெருச் சாக்கடைப் பக்கம் திருப்பினான். மண்ணெல்லாம் என்னுடையதாக இருந்தவரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது அவன் சொத்து உள்ளே இருந்தது. மழை விட்டதும் கொட்டகையின் பின்சுவரை ஒட்டிக் கல் அடுக்கினான். அடுத்த வாரம் கரும்புத் தோட்டத்து உறவுக்காரனிடமிருந்து வெட்டிவேர் நாற்று ஒரு மூட்டை கொண்டுவந்து டயர்களுக்கிடையே நெருக்கமாக நட்டான். நான் நன்றி சொல்லவில்லை. தௌவுக்கு நன்றி சொன்னால் திட்டியதாக எடுத்துக்கொள்வான்.

வெட்டிவேர் இப்போது இடுப்புயரம். தூண் அசையவில்லை. மறுபடி நட்ட சேம்பு என் பக்கத்திலேயே நிற்கிறது.

ஆனால் சோபா அவனுடையது. தினமும் வேலை முடிந்ததும் மேலே ஏறி வந்து அதில் உட்கார்ந்துகொள்கிறான். முகத்துக்கு நேரே என் சமையலறை ஜன்னல்.

“தௌவு, உப்பு போட்டியா?”

“போட்டேன்.”

“பாத்தா தெரியலயே. இன்னும் கொஞ்சம் போடு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியில் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

நேற்று அவன் இல்லாதபோது கீழே போய் அவன் கொட்டகையின் கூரையை அளந்துவிட்டு வந்தேன். என் துணி துவைக்கிற இடத்துக்குச் சரியாக இருக்கும்.