ஏழாம் கட்டத்தில் இட்ட குறி

செகிகுச்சி மொரியோ என்பவர் தோக்கியோவின் வடபகுதியில், டிராம் வண்டிப் பாதையை ஒட்டிய இரண்டறை வீட்டில் தம் மனைவி சவாயேயுடன் வாழ்ந்துவந்தார். வட்டார அலுவலகத்தின் விசாரணைப் பிரிவில் முப்பத்தோராண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பிறருக்குத் தொல்லை தரலாகாது என்பதையே வாழ்வின் ஒழுங்காகக் கொண்டிருந்தார். குப்பைப் பையைக்கூட, எடுப்பவர் கையில் கசியாதிருக்கும்பொருட்டு, இரட்டை முடிச்சிட்டே வாசலில் வைப்பார். எந்தப் படிவமாயினும் கறுப்பு மையில், கட்டத்தின் கோட்டைத் தொடாமல் நிரப்புவார்.

வீட்டிலிருந்த கேமரா சவாயேயினுடையது. அவளுடைய இரு கண்களிலும் பார்வையின் நடுப்பகுதி அழிந்துகொண்டிருந்தது. செர்ரிப் பூக்கள் உதிர்ந்து முடிவதற்குள் முகங்களைப் பிரித்தறிய இயலாமற்போகும் என்று மருத்துவர் கூறிவிட்டார். குவியம் பார்த்துப் படமெடுக்க இனி இயலாதென்பதால், கேமராவை விற்றுவிடும்படி அவளே சொன்னாள்.

பழைய கேமராக்களை வாங்கி விற்கும் பெரிய கடையொன்றுக்குத் தபாலில் அனுப்புவதென்று முடிவாயிற்று. மொரியோ அதனை மான்தோலால் துடைத்து, துணியில் சுற்றி, நன்றிக் குறிப்பொன்றையும் உடன் வைத்தார். உட்புறத்தைத் திறந்து பார்க்கவில்லை. அது அவளுடைய பொருள். படிவத்தின் ஏழாம் கட்டத்தில், கேமராவினுள் ஏதேனும் எஞ்சியிருப்பின் திருப்பி அனுப்ப வேண்டுமா, கடையாரே அப்புறப்படுத்தலாமா என்று கேட்டிருந்தார்கள். திருப்பி அனுப்பச் சொன்னால் யாரோ ஒருவர் அதற்கெனத் தனியே உறை தேடி, முகவரி எழுத வேண்டும். ஒன்றுமே இல்லாததற்கு அந்தத் தொல்லை எதற்கு என்றெண்ணி, அப்புறப்படுத்தலாம் என்பதிற் குறியிட்டார்.

பெட்டி போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, மிசோ சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே சவாயே கேட்டாள்:

"அந்த ரோல எந்த டப்பாவுல வெச்சீங்க?"

கேமராவைத் தாம் திறந்தே பார்க்கவில்லை என்றார் அவர். அதிலிருந்தே அவளுக்கு விளங்கிவிட்டது. சென்ற குளிர்காலத்தில் அவள் எடுத்த கடைசிப் பிலிம் சுருள் அது. பெரிதாக அச்சிட்டு, உருப்பெருக்கியை வைத்துக் கண்ணோரத்தாற் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். என்ன எடுத்தாய் என்று அவர் மெல்லக் கேட்டார்.

"முப்பத்தாறுல முப்பது உங்க மூஞ்சிதான். ஒரு இடத்துல அசையாம உட்காரத் தெரியுதா உங்களுக்கு? நகம் வெட்டும்போதும் தூங்கும்போதும் பார்த்துப் பார்த்துப் புடிச்சேன்."

வேறு யாரையேனும் கொண்டு மறுபடி எடுத்துக்கொள்ளலாமே என்றார். அடுத்தவர் பார்த்த முகம் தனக்கு எதற்கு என்று கேட்டுவிட்டு, அவள் கிண்ணத்தைக் கழுவப் போனாள்.

அன்றே கடையின் இணையப் பக்கத்திலிருந்த விசாரணைப் படிவத்தை நிரப்பி அனுப்பினார். வேலை மிகுந்த நேரத்தில் இடையூறு செய்வதற்கு மன்னிக்கவும் என்று தொடங்கியிருந்தார். ஒரு நிமிடத்திற்குள் பதில் வந்தது. மூன்று வேலை நாட்களுக்குள் சரிபார்த்துத் தெரிவிப்போம் என்றிருந்தது அது. ஒன்பது நாள் கழித்து இரண்டாம் முறை அனுப்பினார். எழுத்து மாறாமல் அதே பதில் வந்தது. தொலைபேசியில் நாற்பது நிமிடம் பியானோ இசை கேட்ட பின்னர் இணைப்பு தானே அறுந்தது. சரிபார்த்துத் தெரிவிப்போம் என்னும் சொற்றொடரை அவரே முப்பத்தோராண்டுகள் பிறருக்குச் சொல்லி அனுப்பியவர். அவற்றுள் எத்தனை விசாரணைகள் மேசை இழுப்பறையிலேயே கிடந்தன என்பதையும் அவர் அறிவார்.

சவாயே நாள்தோறும் கேட்டாள். "இன்னைக்காவது உங்க ஆளுங்க வாயத் திறந்தாங்களா? எப்பேர்ப்பட்ட கடைங்க அது. நீங்க வேலை பார்த்த ஆபீஸ் மாதிரியே இருக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குறையெல்லாம் கடையாருடையதே என்று அவள் நம்பியிருந்தாள். ஏழாம் கட்டத்தைப் பற்றி அவர் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

மார்ச்சு மாத இறுதியில் ஷின்ஜுகுவிலுள்ள கடைக்கே நேரிற் சென்றார். வரிசைச் சீட்டு எடுத்து, ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார். நுமாதா என்ற பெயர்ச்சீட்டு அணிந்த இளம் பெண் அவர் சொன்னதை முழுவதும் கேட்டாள். பின்னர் எழுந்து தலை தாழ்த்தினாள்.

"ரொம்ப மன்னிக்கணும் ஐயா. தபால்ல வர்றதெல்லாம் சைத்தாமாவுல இருக்கிற கிடங்குக்குப் போயிடும். எங்களுக்கே அங்க போன் நம்பர் கிடையாது."

"அப்ப உங்களுக்கு ஏதாவது தெரியணும்னா?"

"நீங்க நிரப்புனீங்கல்ல, அதே படிவத்தைத்தான் நாங்களும் நிரப்புறோம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "டிசம்பர்ல ஒண்ணு கேட்டேன். இன்னும் வரல ஐயா."

வழியனுப்ப வந்தவள், மின்தூக்கியின் கதவு மூடும்வரை தலை நிமிரவில்லை. மொரியோவும் உள்ளே நின்றபடி தலை தாழ்த்தியிருந்தார். கோபப்பட வேண்டும் என்று புறப்பட்டு வந்தவருக்கு, கோபத்தை வைப்பதற்கு ஓர் இடம் அகப்படவில்லை.

பூக்கள் மலர்ந்தன. ஒருநாள் சவாயே எதிர்வீட்டுப் பெண்ணை அவர் என்றெண்ணிப் பேசிவிட்டு, உங்களுக்கு எப்போது பெண்ணைப் போல இடுப்பு வந்தது என்று அவரைக் கேலி செய்துகொண்டே உள்ளே வந்தாள்.

ஏப்ரல் இரண்டாம் வாரம், கடையின் விற்பனைப் பக்கத்தில் மொரியோ அந்தக் கேமராவைக் கண்டார். டிராம் நிறுத்தப் படியில் அவள் அதைத் தவறவிட்டபோது, வார் மாட்டும் வளையத்தருகே விழுந்த பிறை போன்ற கீறல் அப்படியே இருந்தது. பத்துப் படங்கள் போட்டிருந்தார்கள். ஏழாவதில் பின்மூடி திறந்திருந்தது. பிலிம் இருக்கவேண்டிய அறை கறுப்பாக, ஒரு தூசுமின்றி விளங்கிற்று. உள்ளே எஞ்சியவை அகற்றப்பட்டுத் தூய்மை செய்யப்பட்டது என்று கீழே எழுதியிருந்தது. அவர் எழுத்தில் இசைவு தந்திருந்தார். அவர்கள் அதன்படியே செய்திருந்தார்கள். இத்தனை நாள் யாரும் சொல்லாத பதில் அதுவே.

அன்று பிற்பகலே கடையிலிருந்து மின்மடல் ஒன்றும் வந்தது. தங்கள் விசாரணை நிறைவுற்றதாகவும், சேவை எவ்வாறிருந்தது என்பதற்கு நட்சத்திரங்கள் இடுமாறும் அதிற் கேட்டிருந்தனர்.

அடுத்த அறையில் சவாயே கமலாப்பழத்தை விரலால் தடவித் தடவி உரித்துக்கொண்டிருந்தாள். மடல் வந்த ஓசை அவளுக்கும் கேட்டிருந்தது.

"என்னங்க, பதிலா?"

சரிபார்த்துச் சொல்லுகிறேன் என்ற சொல் அவர் நாவின் நுனிவரை வந்தது. அவள் முகம் குரல் வந்த பக்கமாகத் திரும்பியிருந்தது. ஆனால் கண்கள் அவருடைய காதுக்கு அப்பால் எங்கோ நின்றன.

மொரியோ கணினியை மூடினார். இனிமேல் அந்தக் கடைக்கு எழுதுவதில்லை என்றும், ஏழாம் கட்டத்தில் தாம் இட்ட குறியைப் பற்றி இப்பொழுதே அவளிடம் சொல்லிவிடுவது என்றும் முடிவு செய்து, எழுந்து அவளருகே சென்று அமர்ந்தார்.