கணக்குத் தேர்வில் நட்சத்திரக் குறி

பள்ளி அலுவலகத்தில் மாணவர் பதிவேடு என் பொறுப்பு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் எங்கள் ஊருக்கு, பசிபிக் கடலிலுள்ள மார்ஷல் தீவுகளின் குடும்பங்கள் கோழி இறைச்சி ஆலை வேலைக்காக வந்து பல வருடங்களாகின்றன.

அந்த வருடக் கணக்குத் தேர்வில் எந்த இனத்தவர் எத்தனை சதவீதம் தேர்ச்சி என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டினோம். வெள்ளையர் அறுபத்தொரு சதவீதம், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் நாற்பத்தெட்டு. மார்ஷல் தீவினருக்கு நேரே வெறும் நட்சத்திரக் குறி. பதினோராம் வகுப்பு ஹெமிட்டி நேராக என் ஜன்னலுக்கு வந்தாள்.

"மிஸ், நாங்க பரீட்சை எழுதலையா?"

"எழுதுனீங்கம்மா. பத்துப் பேருக்குக் கீழே இருந்தா நம்பர் போடக்கூடாது, யாரு மார்க்னு தெரிஞ்சிடும். நீங்க ஒன்பது பேர்தான்."

"ஒன்பதா? பதினாலு பேர் இருக்கோமே!"

பதிவேட்டைப் பார்த்தேன். ஐந்து பேருடைய படிவத்தில் இனம் என்ற இடத்தில் 'மற்றவர்' என்று குறித்திருந்தது. அவள் ஐந்து புதுப் படிவங்களை வாங்கிப் போனாள். ஒரு வாரத்தில் எல்லாமே பெற்றோர் கையெழுத்தோடு வந்தன.

"அஞ்சு பேர்ல லிஜோனோட அம்மா மொதல்ல ஒத்துக்கவே இல்ல மிஸ். மார்க் கொறஞ்சா மானம் போயிடும்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இப்ப மட்டும் யாருக்கு நம்மளத் தெரியுதுன்னேன்."

மறு வருடம் நட்சத்திரம் இருந்த இடத்தில் இருபத்தொன்பது என்று வந்தது. எல்லோரிலும் அதுதான் குறைவு. ஹெமிட்டி கண் கலங்க நின்றாள். அந்த எண்ணைப் பார்த்த தலைமையாசிரியர் அந்த மாதமே மார்ஷல் மொழி பேசும் கணக்கு ஆசிரியை ஒருவரை வேலைக்கு எடுத்தார். அவருடைய முதல் நாள் வகுப்புக்கு மார்ஷல் பிள்ளைகள் பதினோரு பேர் வந்தார்கள்.