கண்ணாடி மேல் மை

அப்பாவின் சவ ஊர்தி பீக்கன் பத்திரிகை அலுவலகத்தின் கேட்டை நெருங்கியபோது, அங்கே கூடியிருந்தவர்கள் தம்பி க்ளைவை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஊர்திக்குப் பின்னால் காரில் வந்த பெரில், நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள்.

“கருங்காலி நாயே! பெத்த அப்பனைக் கொன்னுட்டு அழ வேற வந்திருக்கியா?”

ஒருவன் வயிற்றில் உதைத்தான். தம்பியின் மூக்கு உடைந்து, கறுப்புக் கோட்டெல்லாம் ரத்தம். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. ரெண்டு போலீஸ்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா வில்ஃப்ரெட் பீக்கனில் அச்சுக்கோப்பவர். க்ளைவ் அதே பீக்கனின் வேன் டிரைவர். ஊருக்கொரு மாலைப் பத்திரிகை இருந்த மாவட்டம் இது. ஒரு லண்டன்காரன் எல்லாவற்றையும் வளைத்துப்போட்டு, ஒவ்வொன்றாக மூடி, மிச்சம் வைத்தது பீக்கன் ஒன்றுதான். நூறு வருஷத்துக்கு மேலாக, இந்த ஊரில் பிறந்தவன், செத்தவன், பூசணிக்காய்ப் போட்டியில் ஜெயித்தவன் எல்லார் பெயரும் அதில் வந்தாக வேண்டும். அச்சுக்கோப்பவர்களை ஒரே நாளில் தெருவில் தள்ளிவிட்டு, வெளியாட்களை வைத்துப் பத்திரிகை நடத்தினான் அந்தப் புண்ணியவான். அப்பா சங்கத்தாரோடு கேட்டில் மறியல் செய்து நின்றார். க்ளைவ் பிள்ளைகளின் சோற்றைச் சொல்லி வேனில் ஏறினான். வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று.

போன செவ்வாய்க்கிழமை வேன்கள் வெளியே வந்தபோது கல் பறந்தது, தடி சுழன்றது. மற்ற வேன்களுக்கெல்லாம் ஒதுங்கிய அப்பா, க்ளைவின் வேனுக்கு மட்டும் குறுக்கே போய் நின்றார்.

“விடுங்கப்பா, இது என் மவன் வண்டி. நிறுத்திடுவான்.”

அந்த நிமிஷம்தான் ஒரு டப்பா அச்சு மை பறந்து வந்து வேனின் முன்கண்ணாடியில் உடைந்தது. வேன் நிற்கவில்லை. அப்பாவின் தலை கேட் தூணில் மோதிய சத்தம், கேட்டருகே மறியல்காரர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்த பெரிலுக்குத் தெளிவாகக் கேட்டது. விபத்து என்று எழுதிக்கொண்டு போலீஸ் க்ளைவை விட்டுவிட்டது. ஊர் விடவில்லை.

இப்போது சங்கத் தலைவர் நார்மன் அவன் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

“ஏன்டா நிறுத்தல? அப்பான்னு கண்ணு தெரியலயா?”

“தெரியல மாமா. எல்லாம் கறுப்பா இருந்துச்சு. கல்லு விழுந்துகிட்டே இருந்துச்சு, பயத்துல மிதிச்சிட்டேன்.”

“பொய்யப் பாரு!” மறுபடி முகத்தில் குத்து விழுந்தது.

பெரில் அடுத்த குத்துக்கு ஓங்கிய நார்மனின் கையைப் பாய்ந்து பிடித்தாள்.

“அவன் கண்ணை மறைச்சது யாரு மாமா? அந்த மையை எறிஞ்சது யாரு? நான் பார்த்தேன்.”

 முகம் வெளுத்து, நார்மன் க்ளைவின் காலரை விட்டுவிட்டார்; அவன் தரையில் விழுந்தான். அப்பாவோடு முப்பது வருஷம் ஒரே மேஜையில் நின்றவர் அவர்.

“கண்ணு தெரியலன்னா நிறுத்திடுவான்னு நெனச்சேன், பெரில். நிறுத்தத்தான் எறிஞ்சேன்.”

தரையில் கிடந்த க்ளைவ் தலையைத் தூக்கினான்.

“அப்போ அப்பா எறியலயா அக்கா? அவருதான் எறிஞ்சாருன்னு நெனச்சேன்.”

“இல்லடா. நீ நிறுத்துவேன்னு சொல்லிட்டுத்தான் வந்து நின்னாரு.”

அதைக் கேட்டதும்தான் அவன் அழுதான்.

சவ ஊர்தி கேட்டுக்கு நேரே வந்து நின்றது. கடைசியாக வேலையை விட்டுப் போகிறவனை அச்சுக்கூடத்தார் சும்மா அனுப்புவதில்லை. இரும்பை இரும்பால் அடித்து, காது செவிடாகும்படி வழியனுப்புவார்கள். அதற்காக எல்லாரும் சுத்தியல் கொண்டுவந்திருந்தார்கள். முதல் அடி சங்கத் தலைவருடையது. நார்மன் இடுப்பிலிருந்த சுத்தியலை எடுத்தார்; கை மேலே எழவில்லை.

பெரில் அவர் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கிக் க்ளைவிடம் நீட்டினாள்.

“கருங்காலி கையிலயா குடுக்கறே?” என்று ஒருவன் உறுமினான்.

“வில்ஃப்ரெட் மவன் கையில குடுக்கறேன். வந்து தடு பார்ப்போம்.”

யாரும் வரவில்லை. க்ளைவ் கேட்டைப் பிடித்து எழுந்தான். அப்பாவின் தலை மோதிய அதே இரும்புத் தூணில் ஓங்கி அடித்தான். இன்னொரு தரம் அடித்தான். வெகுநேரம் அவன் அடி மட்டும் கேட்டது. பிறகு பின்னாலிருந்து ஒரு சுத்தியல் சேர்ந்துகொண்டது. அப்புறம் தெரு முழுக்க இரும்புச் சத்தம். சவ ஊர்தி நகர்ந்தது.

நார்மன் வெறும் கையோடு நின்றிருந்தார். அவர் நகக்கண்ணில் இன்னும் மை இருந்தது.