நீலவல்லி போன வழி

“ஏம் பூவா, நீலவல்லி பாறைக்குள்ள போயிட்டான்னு நீ எந்தப் புஸ்தகத்துல படிச்சே?”

வசந்தாமணி இதைக் கேட்டபோது என் மடியில் நாற்பத்தாறு வெற்றிலை இருந்தது. நாற்பத்தேழாவதை எடுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டதால் அந்த எண்ணிக்கை இன்னும் மறக்கவில்லை. இலை மடிக்கிற கூரைச் சாளையில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பதில் எங்கள் வீட்டில், எருமைக்கு வைத்திருந்த பருத்திக்கொட்டை மூட்டைக்கு அடியில், ஒரு நாற்பது பக்க நோட்டில் இருந்தது.

அந்த நோட்டில் இருப்பது சாளைக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எழுபத்தெட்டாம் வருஷம். பரமத்தி வேலூருக்குக் கிழக்கே, மருதாசலக் கவுண்டரின் கொடிக்காலில் நாங்கள் ஏழு பெண்கள் இலை மடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். கிள்ளி வந்து கொட்டிய வெற்றிலையைத் தரம் பிரித்து, நூறு நூறாக அடுக்கி, வாழை நாரால் கட்ட வேண்டும். நூறு இலை ஒரு கவுளி. எட்டாவது முடித்ததும் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி அங்கே அனுப்பினார். எனக்குப் பேச வராது. நாலு பேர் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அச்சில் இருப்பதைப் படிக்கச் சொன்னால் குரல் தானாக வந்துவிடும். அது என் பேச்சு இல்லையே.

கவுண்டர் வீட்டம்மா பாப்பாயி ஒரு வாரப் பத்திரிகை வாங்குவார். புதன்கிழமை அவர் படித்துவிட்டால் வியாழக்கிழமை அது என் கைக்கு வரும். அதில் ‘யாளி வாய்க் கல்’ என்று ஒரு தொடர்கதை வந்துகொண்டிருந்தது. மற்ற ஆறு பேருக்கும் எழுத்து தெரியாது. அவர்கள் மடிக்க மடிக்க, நான் படிப்பேன்.

கோயில் தூணில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை கிடக்குமே, அதுதான் கதை. விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. அந்த மலைக்கோட்டை யாளியின் வாயிலிருந்து கல்லை எவன் எடுக்கிறானோ அவனுக்குத்தான் நாடு. இளவரசன் மாறவேள் ஒரு பக்கம், மந்திரி கங்காதரராயர் ஒரு பக்கம். கல்லின் ரகசியம் தெரிந்தவள் நீலவல்லி என்ற ஒற்றுக்காரி ஒருத்திதான். அவளோ எதிரியிடம் சிக்கியபோது விஷம் குடித்துக் குரலை இழந்தவள். இரண்டு வருஷமாக, எழுத்துத் தெரியாத ஆறு பேரும் எழுத்துத் தெரிந்த நானும் அந்தக் கல்லையே நினைத்துக்கொண்டிருந்தோம். கதை சூடு பிடித்தால் எண்ணிக்கை தப்பும். கரூர் மண்டிக்காரர், “வியாழக்கெழமக் கவுளியை மட்டும் நான் எண்ணித்தான் வாங்குவேன்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். எந்த வாரமும் எண்ணிக்கை தப்பாதவள் சென்னியம்மாள் ஒருத்திதான்.

கடைசி வாரம் வந்தது. கடைசி வாரம் என்பதாலேயே வேலூர்க் கடையில் ஒரு புத்தகம்கூட மிச்சமில்லை. “வித்துப்போச்சாம் கண்ணு. என்ன பண்ணச் சொல்ற?” என்றார் பாப்பாயி அம்மா, எனக்கு மேல் வருத்தத்தோடு.

நான் போய், புத்தகம் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆறு முகங்களைப் பார்த்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்வது எனக்கு முடியாத காரியம். அது மட்டும் காரணம் என்று எழுதினால் பொய். என் நோட்டில் அந்தக் கதைக்கு ஏற்கெனவே நான்கு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். நான்காவதை ஒரு தாளில் பார்த்தெழுதி, போன வாரப் பத்திரிகைக்குள் செருகினேன். அட்டைப் படத்தை வைத்து அவர்கள் பழசு புதுசு கண்டுபிடித்துவிடுவார்கள் என்று செய்தித்தாளில் உறை போட்டுக்கொண்டு போனேன்.

படித்தேன். ஒரு காலை இன்னொரு காலால் மிதித்துக்கொண்டு படித்தேன். என் முடிவில் கல் வெளியே வரவில்லை. நீலவல்லி யாளியின் வாயில் கையை விட்டு, கல்லை முன்னால் இழுக்காமல் பின்னால் தள்ளுகிறாள். தொண்டைக்குள் கல் உருண்டு போக, யாளியின் காலடியில் பாறை விலகுகிறது. இளவரசன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். அவள் உள்ளே இறங்குகிறாள், பாறை மூடிக்கொள்கிறது. கடைசி வரிகள் இவை: ‘உள்ளே இருட்டாக இருந்தது. ஆனால் அவள் முகத்தில் காற்று பட்டது. காற்று வருகிற இடத்தில், அந்தப் பக்கம் வழி இருக்கும்.’

“அப்பக் கல்யாணம்?” என்றாள் செல்லாயி.

“ஆருக்கு?”

“ராசகுமாரனுக்கும் அவளுக்குந்தான். ரண்டு வருசமா நான் எதுக்குக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கறேன்?”

“எலை போட்டுப் பந்தியில ஒக்காந்துட்டா பாரு இவ,” என்றாள் சின்னாயி. அவள் வாய்க்கு ஊரே பயப்படும். “கல்லே வெளிய வரலையாமா, உனக்குச் சோறு கேக்குதா?”

“கல்லு வராட்டி நாடு ஆருக்கு?”

“ஆரு ஆண்டா உனக்கென்ன? நீ எலை மடிச்சுத்தான் ஆகோணும்.”

“இல்லைக்கா, கேக்கறேன். பாறைக்குள்ள போனவளுக்கு மூச்சு முட்டாதா? சோத்துக்கு என்ன பண்ணுவா?”

“அவளுக்குப் பேச்சே வராது. பேசாத பொம்பளைக்கு மூச்சு மிச்சம். உன்னை உள்ள உட்டாத்தான் ஒரு நாழி தாங்கமாட்டே.”

நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் சண்டை போடுவது என் எழுத்துக்காக என்பது காதில் விழுந்தது, ஆனால் உடம்புக்குள் போகவில்லை. எழுந்து ஓட வேண்டும் போலவும் இருந்தது, இன்னும் சண்டை போடுங்கள் என்று கெஞ்ச வேண்டும் போலவும் இருந்தது.

சென்னியம்மாள், “அந்தக் கடைசியை ஒருக்காத் திருப்பிப் படி சாமி. காத்து அடிக்குதுன்னு வந்துச்சே,” என்றாள்.

படித்தேன்.

“அந்தப் பக்கம் வழி இருக்குதுன்னுதானே போட்டிருக்குது?”

தலையாட்டினேன்.

“அப்பறம் என்னத்துக்கு இவளுக கெடந்து கத்தறாளுக,” என்று சொல்லிவிட்டு அவள் கவுளியைக் கட்டினாள்.

சென்னியம்மாளின் மகள் மாரி, இரண்டு வருஷத்துக்கு முன்பு, கிணற்றுக்குப் போர் போடுகிற லாரியோடு வந்த ஒருவனுடன் போய்விட்டாள். திருச்செங்கோட்டுப் பக்கத்து லாரி, வடக்கே எங்கேயோ வேலை என்றார்கள். ஒரு கடுதாசி வரவில்லை. சாளையில் அவள் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள். மாரி இருந்தபோது என் பக்கத்தில்தான் உட்காருவாள். அந்த வரியை எழுதும்போது அவளை நினைத்தேனா என்றால், நினைத்தேன்.

மறுநாள் சென்னியம்மாள் வேலைக்கு வந்ததும், யாரும் கேட்காமலே சொன்னாள்: “போனவ போன எடத்துல நல்லாத்தான் இருப்பா. புஸ்தகத்துலயே போட்டுட்டாங்க.” நீலவல்லியைச் சொல்கிறாள் என்பதுபோல, சின்னாயி உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள். அன்றைக்குச் சென்னியம்மாள் தலைக்குக் குளித்து, மூணு முழம் கதம்பம் வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை மேஸ்திரி அப்புசாமி ஒரு கவுளியைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் போட்டார். “மண்டியில இருந்து திரும்பி வந்திருக்குது. எண்ணுங்க.”

செல்லாயி எண்ணினாள். தொண்ணூற்றொன்று.

“ஒண்ணு ரண்டு தப்புனாப் பரவால்ல. ஒம்பது எலையா? ஆரு கட்டு இது?”

யாரும் சொல்லத் தேவையில்லை. நாரை இரண்டு சுற்றுச் சுற்றி இடக்கைப் பக்கம் முடிச்சுப் போடுகிறவள் சாளையில் ஒருத்திதான்.

“என்ற கட்டுத்தானுங்க,” என்றாள் சென்னியம்மாள்.

அப்புசாமி அவளை நம்பாமல் பார்த்தார். “உனக்குமா? அப்ப அந்த வாரம் கதை நல்லாத்தான் இருந்திருக்குது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் தண்ணீர் குடிப்பதுபோல எழுந்து வாய்க்காலுக்குப் போனேன். அகத்தி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொண்ணூறு வாரம், வாளும் நெருப்பும் விஷமும் எண்ணிக்கையைக் கலைக்க முடியாத ஒருத்திக்கு என் ஒரு பக்கத்தால் ஒன்பது இலை தப்பியிருக்கிறது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் நோட்டுகள் அடுப்புக்குப் போகும். பாப்பாயி அம்மாவுக்குத் தெரிந்தால் பத்திரிகை நின்றுபோகும். பத்திரிகை நின்றால் எனக்குப் படிக்க வேறு எதுவும் கிடையாது. மூன்று நாளும், சும்மா இருக்கும்போது விரல்கள் தொடையில் எழுதிக்கொண்டே இருந்தன.

வியாழக்கிழமை வசந்தாமணி வந்தாள். கவுண்டரின் மகள், நாமக்கல்லில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் அந்தப் பத்திரிகை இருந்தது.

“கடைசி வாரம் உங்களுக்குக் கெடைக்கலியாமா, அம்மா சொன்னாங்க. நானே படிச்சுக் காட்டறேன்.”

“கெடைச்சுதுங்களே அம்மிணி. அவதான் கல்லைப் பின்னால தள்ளிட்டுப் பாறைக்குள்ள போயிட்டாளே,” என்றாள் செல்லாயி.

“எவ?”

“நீலவல்லிதானுங்க.”

வசந்தாமணி சிரித்தாள். “அவ எங்கிருந்து போவா? செத்துல்ல போயிட்டா.” அங்கேயே கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். யாளியின் கண்ணில் இரத்தம் வடிந்தது. இடி விழுந்து கல் தானாக வெளியே உருண்டது. கங்காதரராயர் விட்ட அம்பைத் தன் மார்பில் வாங்கி, நீலவல்லி இளவரசன் மடியில் உயிரை விட்டாள். அவனுக்கு அண்டை நாட்டு இளவரசியோடு திருமணம் நடந்தது.

இலைகள் ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தன. யாருக்கும் எண்ணிக்கை தப்பியதாகத் தெரியவில்லை.

“இது தப்புப் புஸ்தகமுங்க,” என்றாள் செல்லாயி. ஆசைப்பட்ட கல்யாணம் வந்தும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

“தப்புப் புஸ்தகமா?”

“நாமக்கல்லுல அவளைக் கொன்னுபோட்டாங்க, வேலூருல உட்டுட்டாங்க,” என்றாள் சின்னாயி. “நம்மூருக்காரன் கொஞ்சம் ஈரமுள்ளவன்.”

“எல்லா ஊருக்கும் ஒரே புஸ்தகந்தான் அக்கா வரும்.” வசந்தாமணி என் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். எந்தப் புஸ்தகத்துல படிச்சே?

நாக்கு ஒட்டிக்கொண்டது. கூடைகளை எண்ணிக்கொண்டிருந்த அப்புசாமியும் நின்று பார்த்தார்.

“கரூர்ல இருந்து வந்த புஸ்தகமா இருக்கும்,” என்றாள் சென்னியம்மாள். அவள் குரல் வசந்தாமணியிடம் பேசியது, கண் என்னிடம் இருந்தது. “இல்ல சாமி? கரூர்ப் புஸ்தகம் வேற மாதிரி வரும்.”

ஒரு தலையாட்டல் போதும். எனக்கு அது கைவந்த வேலை. பதினாறு வயதுவரை நான் உலகத்துக்குச் சொன்னதெல்லாம் தலையாட்டல்தான். ஆட்டியிருந்தால் என் நோட்டு தப்பும், சென்னியம்மாளின் வழியும் அவளிடமே இருக்கும். ஆட்டத்தான் போனேன்.

“எந்தப் புஸ்தகமோ,” என்றாள் வசந்தாமணி, கையிலிருந்ததை மூடியபடி. “ஆனா இதைக் காட்டியும் அதுதான் நல்லாயிருக்குது. கல்லைப் பின்னால தள்ளுறதுன்னு எவனுக்குத் தோணுச்சோ. கெட்டிக்காரன்.”

“நான் எழுதினதுங்க.”

சொன்னது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை. சத்தமாகக்கூட வந்துவிட்டது.

“என்னது?”

“கடைசி வாரத்தை நான்தானுங்க எழுதினேன். நோட்டுல.”

“அட ஊமைக் கோட்டான்,” என்றாள் சின்னாயி, திட்டாகவும் இல்லாமல் பாராட்டாகவும் இல்லாமல். செல்லாயி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். வசந்தாமணி, “நெசமாவா பூவா? அந்த நோட்டைக் கொண்டா, நான் பாக்கோணும்,” என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். “இனிமேல் இங்க கதையும் வேண்டாம் கத்திரிக்காயும் வேண்டாம்,” என்று அப்புசாமி யாரிடமோ சொன்னார். எனக்கு முகமெல்லாம் சூடாக இருந்தது. கெட்டிக்காரன் என்று அவள் சொன்ன சொல் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

“அந்தப் பக்கம் வழி இருக்குதுன்னு போட்டியே,” என்றாள் சென்னியம்மாள். “அதுவும் நீ போட்டதுதானா?”

அவள் கேட்ட விதத்தில் கோபம் எதுவும் இல்லை. சந்தையில் விலை கேட்பதுபோலக் கேட்டாள்.

“ஆமாங்கக்கா,” என்றேன்.

அவள் மடியில் அடுக்கியிருந்த இலையை எடுத்துக் கீழே வைத்தாள். எழுந்து நின்று சேலையை உதறினாள். உத்தரத்தில் மாட்டியிருந்த சோற்றுப் போசியை எடுத்தாள். அதை அவள் இன்னும் திறக்கவே இல்லை, உச்சிப் பொழுதும் ஆகவில்லை.

“எங்க போற? கட்டு பாதியில நிக்குது பாரு,” என்றார் அப்புசாமி.

“சென்னியக்கா,” என்று நானும் கூப்பிட்டேன். அன்றைக்குக் குரல் வந்துகொண்டே இருந்தது. “அக்கா, வழி இருக்குதுங்கக்கா. நான் சும்மா எழுதலை.”

அவள் அகத்தி வரிசையைத் தாண்டி, வாய்க்கால் கரையில் ஏறி, கரூர் ரோட்டுப் பக்கமாகப் போனாள்.