சின்னவளுக்கு இல்லாத மாத்திரை

அக்காவின் மாத்திரை டப்பாவை யாரோ குப்பைக் கூடையில் போடப் போனார்கள். சின்னவள் வெடுக்கென்று பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எழுபதைத் தாண்டியும் வீட்டில் அவள் சின்னவள்தான். விடியும்போது உயிர் போன அக்கா கூடத்தில் கிடந்தாள், ஆயுசெல்லாம் துணி தைத்த விரல்களை மார்பின்மேல் கோத்தபடி. சுடுகாட்டு வண்டி வர நேரமிருந்தது.

"கடைசி வரைக்கும் எவ்வளவு தெளிவா இருந்தா," என்றாள் எதிர்வீட்டுக்காரி. "ஞாபகம்னா அப்படி ஒரு ஞாபகம்."

சின்னவளுக்கு வயிறு எரிந்தது. செத்தும் இவளுக்குத்தான் பாராட்டு.

போன வருஷம் அக்காவுக்கு எல்லாம் மறந்துபோனது. அடுப்பை அணைக்க மறந்தாள், யாருக்கு அளவெடுத்தோம் என்பதை மறந்தாள். டாக்டர் ரத்தத்தைச் சோதித்து, பி-12 சத்து அடிமட்டத்துக்குப் போய்விட்டது என்று ஊசியும் மாத்திரையும் கொடுத்தார். அக்கா தேறிவிட்டாள். சின்னவளும் போய் ரத்தம் எடுக்கக் கையை நீட்டினாள்.

"உங்களுக்கு எல்லாம் சரியா இருக்கும்மா. மாத்திரை போட்டாலும் புதுசா ஞாபகம் ஒண்ணும் வந்துடாது," என்று அனுப்பிவிட்டார். மாத்திரையிலும் ஓரவஞ்சனை.

அந்த ஆத்திரத்தைவிடப் பெரிதாக ஒரு பயமும் இருந்தது. சின்ன வயதில் தெருவில் வெள்ளம் ஏறியபோது அப்பா யாரை முதலில் தோளில் தூக்கிக்கொண்டு போனார்? இருவருக்கும் ஆயுசு முழுக்க இந்தச் சண்டை. மறதி முற்றியிருந்தபோது அக்கா, "உன்னத்தான்டி," என்று விட்டுக்கொடுத்துவிட்டாள். சின்னவள் அதைத் தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தாள். ஞாபகம் திரும்பியதும் அக்கா அதைத் திருப்பிப் பிடுங்கிக்கொள்வாள் என்று தினமும் பயந்து கிடந்தாள்.

அக்காவின் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சித்தி, நேத்துகூட அம்மா வெள்ளக் கதை சொன்னாங்க. தாத்தா உங்களத்தான் முதல்ல தூக்கினாராம். அம்மா மாடிப்படியில நின்னு அழுதாங்களாம்."

மாடிப்படியில் அழுதது யாரென்று சின்னவளுக்குத் தெரியும். அப்பாவின் தோளில் ஆடிக்கொண்டு போன அக்காவின் சிவப்பு ரிப்பன் இன்னும் கண்ணில் நிற்கிறது. அக்காவுக்கும் தெரிந்துதான் இருக்கும். தெரிந்தே கொடுத்திருக்கிறாள், தனக்குச் சின்னதாகிப்போன சட்டையைக் கொடுப்பதுபோல. இதிலும் முந்திக்கொண்டாள், பாவி.

"இல்ல. அவளத்தான் தூக்கினாரு."

"அம்மா அப்படிச் சொல்லலையே."

"மறந்துட்டா. மாத்திரை சாப்பிட்டு என்ன பிரயோஜனம்? எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கு."

சின்னவள் டப்பாவைத் திறந்தாள். இன்றைக்குப் போட வேண்டிய மாத்திரை அப்படியே இருந்தது. அதை எடுத்து வாயில் போட்டு, தண்ணீர் இல்லாமலே விழுங்கினாள்.