காற்றின் எடை போதவில்லை

புதுச் சூடேற்றி வந்து இரண்டு வாரம் ஆகியும் எங்கள் மலை விடுதியின் சாப்பாட்டுக் கூடம் பதினாறு டிகிரியைத் தாண்டவில்லை. விருந்தினர்கள் கோட்டைக் கழற்றாமலே சூப் குடித்தார்கள். என் கணவர் ஃபைட் போன் போட்டுக் கத்தியதில், கணக்குப் போட்டுக் கொடுத்த இஞ்சினியரே ஒரு திங்கட்கிழமை காலை ரோப் காரில் வந்து இறங்கினார்.

பெயர் வீப்கே ஹார்ம்ஸன். ஊர் ஜெர்மனியின் வடகடலோரம், எம்டன் பக்கம். ஐம்பது வயதிருக்கும்.

"வாங்க இஞ்சினியரம்மா," என்றார் ஃபைட். "கோட்டைக் கழட்டாதீங்க. உங்க கணக்கு உள்ளதான் இருக்கு, பார்த்து நடுங்குங்க."

வீப்கே சிரிக்கவில்லை. சூடேற்றியின் விசிறி கூடத்துக்குள் ஊதும் காற்றை அளந்தார். நாற்பது டிகிரி, மணிக்கு ஆயிரத்து ஐந்நூறு கன மீட்டர். இரண்டும் காகிதத்தில் இருந்தபடியே இருந்தன. ஜன்னல், கதவு, கூரை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். எங்கும் ஒழுகல் இல்லை.

"எல்லாம் சரியா இருக்கு. சூடு மட்டும் எங்க போகுதுன்னு தெரியல," என்று அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார். நான் உருளைக்கிழங்கைக் குக்கரில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"உருளைக்கிழங்குக்கு எதுக்குக் குக்கர், நோட்புர்கா?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

"சும்மா பானையில போட்டா மத்தியானம் வரைக்கும் வேகாது. இங்க தண்ணி சூடாகறதுக்கு முன்னாடியே கொதிச்சிடும்."

அவர் சட்டென்று எழுந்தார். பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்த பானையில் என் இறைச்சி வெப்பமானியை விட்டார். தொண்ணூற்றொன்று, நூறு இல்லை. முகம் மெல்லச் சிவந்தது.

"பூஜ்யம் புள்ளி மூணு நாலு," என்றார். "இருபத்தஞ்சு வருஷமா இந்த எண்ணைத்தான் பெருக்கறேன். காற்றோட அளவு, சூட்டு வித்தியாசம், கூட இது. வாட் கணக்கு வந்துடும்."

"அதுல என்ன தப்பு?" என்றார் அடுப்படி வாசலில் வந்து நின்ற ஃபைட்.

"தப்பு எண்ணுல இல்ல. ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி ஏத்த எவ்வளவு வெப்பம் வேணுமோ, அந்தத் தன்வெப்பம் கடற்கரையிலயும் இங்கயும் ஒண்ணுதான். ஆனா விசிறி கிலோவையா அள்ளுது? கன மீட்டரை அள்ளுது. எங்க ஊர்ல ஒரு கன மீட்டர்ல ஒண்ணேகால் கிலோ கிட்ட காற்று இருக்கும். இந்த உயரத்துல காற்று மெலிசு, எண்ணூத்தி அறுபது கிராம்தான். அதனாலதான் உங்க தண்ணியும் தொண்ணூத்தொண்ணுலயே கொதிக்குது. நான் பாதி காலிப் பையில சூட்டை அனுப்பிட்டிருக்கேன்."

"பாதியா?"

"சரி, பத்துல மூணு பங்கு காலி. அந்த எண் இங்க பூஜ்யம் புள்ளி ரெண்டு நாலுதான்."

ஃபைட் ஏதோ குத்தலாகச் சொல்ல வாயெடுத்தார். வீப்கே அதற்குள், "இது என் தப்பு, ஃபைட். மன்னிச்சிடுங்க," என்று சொல்லிவிட்டார். என் கணவர் போய் அவருக்கு ஒரு காபி ஊற்றிக்கொண்டு வந்தார்.

விசிறியை வேகமாகச் சுழற்ற அதன் பட்டைக்கு வேறு கப்பி தேவைப்பட்டது. அது புதன்கிழமைதான் மேலே வந்தது. வீப்கே தானே ஸ்பேனர் பிடித்து மாட்டினார். மாலைக்குள் கூடம் பதினெட்டு, பத்தொன்பது, பிறகு இருபது. இரைச்சல் கூடிவிட்டது, ஆனால் நாற்காலிகளின் முதுகில் கோட்டுகள் தொங்கின.

இறங்குவதற்கு முன் எங்கள் போனைக் கேட்டார். இதே பூஜ்யம் புள்ளி மூன்று நான்கை வைத்து அவர் கணக்குக் கொடுத்த இன்னொரு விடுதி, பக்கத்துப் பள்ளத்தாக்கின் மேலே இருந்தது. அங்கிருந்து யாரும் குறை சொல்லவில்லை.

"வணக்கம். உங்க கூடம் குளிருதா?" என்று கேட்டார்.

மறுமுனையில் பேசிய பெண்ணின் குரல் எனக்கும் கேட்டது.

"குளிராம? மலைன்னா அப்படித்தானேம்மா. ஆறு வருஷமா ஆளுக்கொரு கம்பளி குடுத்துட்டிருக்கோம்."

"நாளைக்கு வரேன்," என்றார் வீப்கே.