மலை உட்கார்ந்த இடம்

1951ஆம் ஆண்டு மாசி மாதம் டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மலை உட்கார்ந்தது. சரிவில் மானாப்புல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் புல்கட்டோடு இடுப்பளவு கீழே இறங்கினார்கள், யாருக்கும் சேதமில்லை. அன்று பாண் ரொட்டி விலையும் மாறவில்லை. உச்சியில் அப்படியே நின்ற மாரியம்மன் கோயிலுக்கு மட்டும் கீழே புதிதாகப் படி வைக்க வேண்டியதாயிற்று. மலை உட்கார்ந்ததற்குக் காரணம் சோலைமலைதான். நுவரெலியா ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்து, கிடைத்த பரிசில் கடைவீதியில் பாண் கடை போட்டவர் அவர். மாலையானால் மாவுக் கையைக் கழுவிவிட்டு, லயத்து வரிசை வீடுகளின் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அந்தச் சரிவில் ஓடுவார். ஓட ஓட மலைக்குக் கால் வலித்திருக்க வேண்டும். தோட்டத்துத் துரை வந்து தடியால் குத்திப் பார்த்தார். தண்ணீர் தேங்கும் சமதரையில் தேயிலை வராது என்று விட்டுவிட்டுப் போனார். தோட்டத்துக்கு ஒரு மைதானம் கிடைத்தது இப்படித்தான்.

பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலாயியும் ஒருநாள் ஓட வந்தாள். கனத்த உடம்பு. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சோலைமலை சிரிக்கவில்லை. முன்னால் ஓடி முடித்தவர் திரும்பி வந்து அவள் பக்கத்திலேயே ஓடினார். "மூச்ச விடுங்கக்கா. மெதுவா வாங்க, மலை எங்கயும் போயிடாது" என்றார். பதினோரு வருடம் அவளோடுதான் கடைசியாக வந்து சேர்ந்தார். அதற்குள் அவரிடம் பழகிய மூக்கனும் மற்றவர்களும் தோட்டம் தோட்டமாகப் போய்க் கோப்பைகளை அள்ளி வந்தார்கள். ஓடி முடித்த எல்லோருக்கும் சூடான பாணும் தேத்தண்ணியும் உண்டு. வேலாயிக்கும் அதே பங்குதான்.

1962இல் பாண் சுடும் போறணையின் சுவர் சரிந்து சோலைமலையின் காலில் விழுந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் மலை மெல்ல எழுந்திருக்கத் தொடங்கியது. வைத்த பந்து நிற்காமல் ஓடைக்கு உருண்டது. துரை மறுபடி வந்து பார்த்தார். இனிச் சரிவுதான், மழை பிடித்ததும் கன்று நடுங்கள் என்று கங்காணியிடம் சொன்னார். பதறிப்போன மூக்கன், கோப்பை வாங்கியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஓடவிட்டான். மந்தமானவர்கள் ஓடினால் மலைக்குக் கால் வலிக்காது என்பது அவன் கணக்கு. அவர்கள் பறந்தார்கள். மலை இன்னும் ஒரு முழம் எழுந்தது.

மழைக்கு முந்திய மாலை வேலாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். "அந்த மனுசன் திரும்பி வர்றப்ப தரை இருக்கணும். நானும் ஓடுறேன்" என்றாள். மூக்கன் அரைமனதாக விட்டான். பாதி வட்டத்திலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. தடுமாறினாள், நிற்கவில்லை. முடித்துவிட்டு நின்ற மூக்கன் திரும்பிப் பார்த்தான். பழகிய கால்கள் தாமாகவே அவளிடம் ஓடின. "மூச்ச விடுங்கக்கா" என்றான். மற்றவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அவள் முடிவுக் கோட்டைத் தொட்டபோது மலை ஒரு பெருமூச்சு விட்டுப் பழைய இடத்தில் உட்கார்ந்தது. வேலாயி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவருக்கென்று தன்னால் ஒன்றைச் செய்ய முடிந்ததே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. மறுநாள் துரை சேறு மிதித்துப் பார்த்துவிட்டுக் கன்றுகளை வேறு மலைக்கு அனுப்பினார்.

1965இல் சோலைமலைக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். தலைவர்கள் பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். பூமாலையோடு கங்காணி நெருங்கியபோது சோலைமலை கட்டையை ஊன்றி எழுந்தார். "மாலை இருக்கட்டுங்க, ஒரு சுத்து போயிட்டு வந்துடுறேன்" என்றார். அன்று கடைசி ஆள் அவர்தான். வேலாயி அவர் பக்கத்தில் போய்ச் சேர்ந்தாள்.

"மூச்ச விடுங்க தம்பி. மலை எங்கயும் போயிடாது."

லயமே எழுந்து அவர்களோடு நடந்தது. மறுநாள் காலை கோயிலுக்குப் போனவர்களுக்குக் கீழ்ப்படிக்குக் கால் எட்டவில்லை; மலை இன்னும் ஒரு படி இறங்கி உட்கார்ந்திருந்தது. இடிந்த போறணையின் கல் ஒன்றைக் கொண்டுவந்து கீழே போட்டுவிட்டு ஏறிப் போனார்கள்.